நிற்கிற வண்டி

கரட்டுப்பிரிவில் மண்வெட்டும் வண்டிகளுக்குள் சதை வளர்ந்த வருஷத்தில், அதை முதன்முதலாகக் கண்டவன் மெக்கானிக் செங்கோட்டுவேல். கண்டதும் அவனுக்குப் பயமும் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, ஏனென்றால் அன்றைக்கு அவன் மச்சான் ஊர்ப் பொங்கலுக்குக் கிளம்பித் துவைத்த சட்டை போட்டிருந்தான், கிரஷர் முதலாளி அவினாசியப்பன் ஆள் அனுப்பிப் பாதி வழியில் மடக்கி, பெரிய பொக்லைன் கையைத் தூக்க மாட்டேன் என்கிறது, ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகச் சொல் என்று பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சிலிண்டரின் பெரிய நட்டைத் திருகினான். எண்ணெய் கொட்டும் என்று முகத்தை ஒதுக்கிக்கொண்டவன் மேல் வெதுவெதுவென்று ரத்தம் கொட்டியது. எண்ணெயை எப்படிச் சோதிப்பானோ அப்படியே அதையும் இரண்டு விரலுக்கிடையில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனான். கருகிய எண்ணெய்க்கு ஒரு வாசனை உண்டு, தண்ணீர் கலந்த எண்ணெய்க்கு ஒரு வாசனை உண்டு, இதற்கு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கறிக்கடைச் சாக்கடையின் வாசனை இருந்தது. இன்னும் கொஞ்சம் கழற்றிப் பார்த்தான். இரும்புத் தண்டு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை நரம்பு இருந்தது, நரம்பைச் சுற்றி எண்ணெய் நிற்கவேண்டிய இடமெல்லாம் சிவப்பாகச் சதை இருந்தது, வெளிச்சம் பட்டதும் அது ஒருமுறை துள்ளி அடங்கியது. அவன் காட்டன் வேஸ்ட்டை வைத்து அடைத்து நட்டைத் திரும்ப முறுக்கிவிட்டு வெளியே வந்தான்.

"என்னப்பா, சீல் போச்சா?" என்றார் அவினாசியப்பன்.

"சீல் இல்லீங்க. உள்ள கறியா இருக்குது."

"கறின்னா?"

"கறின்னா கறிதானுங்க. நரம்பு, சதை, ரத்தம். சூடா இருக்குது."

அவினாசியப்பன் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். பிறகு, உலகத்தில் கேட்பதற்கு அது ஒன்றுதான் மிச்சம் என்பதுபோலக் கேட்டார்.

"ஓடுமா?"

"ஓடும்போலத்தான் இருக்குதுங்க. சுளுக்குதான். எண்ணெய் போட்டு நீவி உட்டா சரியாப் போயிரும்."

"அப்பறம் எதுக்கு என்ற மூஞ்சியப் பாத்துட்டு நிக்கறே? நீவி உடு."

அவன் வேப்பெண்ணெய் போட்டு நீவிவிட்டான். வண்டி கையைத் தூக்கிற்று, தூக்கிய கையைக் கரட்டுக் குன்றின் மேல் இறக்கிற்று, அன்றைக்கும் வழக்கம்போல லாரி லாரியாக ஜல்லி போயிற்று.

ஏன் என்று கேட்கிற பழக்கம் எங்கள் ஊருக்குக் கிடையாது. கண்ணெதிரே நின்ற கரட்டை இடித்து, அரைத்து, சல்லடையில் சலித்து ஊர் ஊராக ஏற்றிவிட்டோம், கரடு இருந்த இடத்தில் இப்போது ஒரு பள்ளமும் அதில் பச்சைத் தண்ணீரும்தான் கிடக்கின்றன, அப்போதே யாரும் ஏன் என்று கேட்கவில்லை, இதற்கா கேட்கப்போகிறோம். ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை சேவல் அறுத்து வண்டியின் பக்கெட்டில் ரத்தம் தடவினோமே, அது உள்ளே இறங்கியிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். வெயில் அதிகம் என்று சிலர் சொன்னார்கள். ஒரு வாரம் இப்படிப் பேசிக்கொண்டிருந்தோம், அதற்குள் பிரிவிலிருந்த எல்லா வண்டிகளுக்குள்ளும் சதை பிடித்துவிட்டது, பேச்சு தீனியைப் பற்றித் திரும்பிவிட்டது.

ஏனென்றால் வண்டிகள் டீசல் குடிக்க மறுத்தன. டீசல் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே ஈரமாக இரண்டு உதடு இருந்தது. பருத்திக்கொட்டையும் தவிடும் புண்ணாக்கும் ஊறவைத்து உருட்டிக் கொடுத்தால் அந்த உதடு கவ்வி இழுத்துக்கொண்டது. டீசலைவிடத் தவிடு மலிவு என்று தெரிந்ததும் முதலாளிகள் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் செங்கோட்டுவேல் பட்டறைக்கு எதிரிலிருக்கிற என் டயர்க் கடையிலிருந்து என் கண்ணால் பார்த்தேன். கொஞ்ச நாளில் தவிடும் போய்விட்டது. கல்யாண மண்டபத்து எச்சில் இலை, ஓட்டல் கழனித் தண்ணி, கோழிக்கடைக் குடல், எல்லாவற்றையும் டிரம்மில் கொண்டுவந்து அந்த உதட்டுக்குள் கொட்டினார்கள், அதுவும் பாவம் வேறு வழியில்லாமல் விழுங்கிற்று. வண்டிகள் சாணி போட ஆரம்பித்தன, அந்தச் சாணியில் பாதி இரும்புத்தூள், பாதி என்னவென்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது, அதையும் வாழைத்தோப்புக்கு நல்லது என்று அள்ளிக்கொண்டு போக ஆள் வந்தது.

ஈ வந்தது. பைபாஸ் ரோட்டின் இரண்டு பக்கமும் கறுப்புத் துணி போர்த்தியதுபோல ஈ உட்கார்ந்திருந்தது, டீக்கடையில் டம்ளரை வாயருகே கொண்டுபோவதற்கு முன் உள்ளே விழுந்ததைச் சுண்டி எறிந்துவிட்டுக் குடிக்க ஊரே பழகிக்கொண்டது, வெளியூர் பஸ்கள் எங்கள் பிரிவு வருமுன்னே ஜன்னலை மூடிக்கொண்டு போயின. இன்சூரன்ஸ்காரன் வந்து, உள்ளே உயிர் இருப்பதால் இது கால்நடைக் கணக்கில் வரும், காதில் தகடு அடிக்கவேண்டும் என்றான். காது எங்கே இருக்கிறது என்று கேட்டோம். யோசித்துவிட்டுக் கண்ணாடியில் மாட்டச் சொன்னான், மாட்டினோம்.

ஆனால் எல்லாவற்றையும்விட அசிங்கம் ஆபரேட்டர்கள் கண்டுபிடித்தது. இரும்பாக இருந்தவரை, முடியாது என்றால் வண்டி முடியாது என்று நின்றுவிடும். சதைக்கு வலி தெரியும் என்பதால் முடியாததையும் செய்தது. நுனியில் ஆணி அடித்த குச்சி ஒவ்வொரு கேபினுக்குள்ளும் வந்தது, சீட்டுக்குப் பக்கத்தில் தகட்டைக் கிழித்து ஒரு ஓட்டை போட்டு, வண்டி தளரும்போதெல்லாம் அந்த ஓட்டைக்குள் குச்சியை விட்டுக் குத்தினார்கள். வண்டி சிலிர்த்துக்கொண்டு பாறையில் பாயும். என்ன வேகம், என்ன வேகம் என்று அவினாசியப்பன் தொடையில் தட்டிக்கொண்டார். அந்த ஓட்டைகளில் சீழ் வைத்தது, சீழில் புழு வைத்தது, ஆபரேட்டர்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள்.

பிரிவிலிருந்த மற்ற பட்டறைக்காரர்கள் ஸ்பேனரை எடைக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள், ஒருவன் ஷேர் ஆட்டோ வாங்கினான், ஒருவன் செல்போன் கவர் விற்கப் போனான், ஒருவன் பிராய்லர் கடை வைத்தான். செங்கோட்டுவேல் போகவில்லை. அவன் போகாமலே அவன் தொழில் அவன் கைக்குள்ளேயே வேறாக மாறிக்கொண்டு வந்தது. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போய் நின்றான். அந்த அம்மா வந்து பெரிய பொக்லைனைச் சுற்றிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, நான் மாட்டுக்கும் ஆட்டுக்கும் படித்தவள், இதற்குப் படிக்கவில்லை, தையல் எப்படிப் போடுவது என்று மட்டும் காட்டித் தருகிறேன், என் பேரை வெளியே சொல்லாதீர்கள் என்றது. அவன் கோணி ஊசி வாங்கினான், நைலான் நூல் வாங்கினான், புழுவுக்கு வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்து வைத்துக்கொண்டான். கிரீஸ் கன் தொங்கிய ஆணியில் மருந்து பீச்சும் குழல் தொங்கிற்று. ஹோஸ் கிழிந்தால் மாற்றியவன் நரம்பு கிழிந்தால் தைத்தான், தைக்கும்போது வண்டி முனகும், தட்டிக்கொடுத்துக்கொண்டே தைப்பான்.

அவன் மனைவி சம்பூர்ணம் மென்று விழுங்கிப் பேசத் தெரியாதவள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். வாசலிலேயே தண்ணீரும் அரப்பும் வைத்து, குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்றாள். குளித்துவிட்டு வந்தும் தட்டைத் தாழ்வாரத்தில்தான் வைத்தாள்.

"ஏனுங்க, கிரீஸ் வாசத்துக்குத்தான் நான் வாக்கப்பட்டு வந்தேன். அதைக் குறை சொல்லலீங்க. இது பொண நாத்தமுங்க."

"என்ன பண்ணச் சொல்றே? வலியில கத்துது. தெச்சு உட்டா அடங்குது."

"தெக்கறவரைக்கும் தெச்சுக்கங்க. என்னைக்கு அந்தக் கையில அறுக்கறீங்களோ, அன்னைக்கு நான் கொடுமுடிக்கு எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேனுங்க. இப்பவே சொல்லிப்போட்டேன்."

அவன் அறுக்க மாட்டேன் என்றான். அவனுக்கும் அது ஒன்றுதான் பிடிமானமாக இருந்தது.

இந்த இடத்தில் நிற்கிற வண்டியைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். எந்தப் பொக்லைன் பட்டறைக்குப் போனாலும் பின்பக்கம் ஒரு வண்டி நிற்கும். வேலைக்கு விட்ட ஆள் திரும்பி வந்திருக்க மாட்டான், அல்லது வண்டி செய்து முடிக்கிற நிலையில் இருக்காது. ஓடுகிற வண்டிக்கு அவசரமாக ஏதாவது சாமான் வேண்டும், கடையில் கிடைக்கவில்லை என்றால், நிற்கிற வண்டியில் கழற்றி ஓடுகிற வண்டிக்கு மாட்டிவிடுவது எல்லா மெக்கானிக்கும் செய்கிற காரியம். அதில் தப்பும் கிடையாது, களவும் கிடையாது, அந்த வண்டி அதற்காகத்தான் நிற்கிறது. செங்கோட்டுவேல் பட்டறைக்குப் பின்னால் அப்படி ஒரு குட்டி பொக்லைன் நின்றது, வாய்க்கால் வேலைக்கு வந்தது, கொண்டுவந்து விட்ட காண்ட்ராக்டர் அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அது இரும்பாக இருந்த காலத்தில் அதன் முன் விளக்கு இரண்டையும் யாருக்கோ கழற்றிக் கொடுத்திருந்தான். ஒரு பக்கத்துச் சக்கரச் செயினை ஓட்டும் மோட்டாரை யாருக்கோ கழற்றிக் கொடுத்திருந்தான். சீட்டு, கண்ணாடி, பக்கெட்டின் பல் எல்லாம் அப்படியே போயிருந்தன.

அதற்குள்ளும் சதை வளர்ந்தது. விளக்கு இருந்த இடத்தில் இரண்டு குழி, குழியிலிருந்து எப்போதும் நீர் வடிந்தது. மோட்டார் இருந்த இடத்தில் புரை ஓடிய புண். ஒரு பக்கத்துச் செயின் மட்டும் ஓடுவதால் நகர்ந்தால் வட்டமாகத்தான் நகரும், தன்னையே சுற்றிக்கொண்டு சுவரில் போய் முட்டும். முதல் நாள் அதைப் பார்த்த செங்கோட்டுவேல் பட்டறை வாசலில் வந்து குந்திக்கொண்டு வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கழற்றியதெல்லாம் இரும்பு, இரும்பென்று நினைத்துத்தான் கழற்றினேன் என்று என்னிடம் சொன்னான். நான் என்ன சொல்ல, ஆமாம் என்றேன்.

அன்றிலிருந்து காலையில் வந்ததும் முதல் வேலை அதன் புண்ணில் புழு எடுப்பது, இரண்டாவது வேலை அதற்குத் தீனி வைப்பது. எச்சில் இலை கொடுக்க மாட்டான், நல்ல புண்ணாக்கு, நல்ல தவிடு, தன் கையால் உருட்டுவான். கண் இல்லாத அந்தக் குட்டி அவன் வாசனை தெரிந்து வட்டம் போட்டுக்கொண்டே நெருங்கி வந்து, மூடியைத் தானே தள்ளித் திறந்து, உதட்டால் அவன் உள்ளங்கையைத் துழாவித் தின்னும். பார்க்க எனக்கு உடம்பெல்லாம் கூசும். ஆனால் அந்த நாற்றம் பிடித்த பிரிவில் யாரும் யாருக்கும் காசு வாங்காமல் கொடுத்தது அது ஒன்றுதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான்கு வழிச் சாலைக்கு ஜல்லி அனுப்புகிற காண்ட்ராக்ட் அவினாசியப்பனுக்குக் கிடைத்ததும் பெரிய வண்டிக்குச் சனி பிடித்தது. பகலுக்கு ஒரு ஆபரேட்டர், ராத்திரிக்கு ஒரு ஆபரேட்டர் என்று மாற்றிமாற்றிக் குத்தினார்கள். ஒரு நாள் கரட்டின் கடைசித் துண்டில் பக்கெட்டை வைத்தது வைத்தபடியே அது முழங்கால் மடிந்ததுபோல முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். செங்கோட்டுவேல் பம்ப் இருந்த இடத்தில் காதை வைத்துக் கேட்டான்.

"நெஞ்சாங்குலை போச்சுங்க. அடிக்கறது எனக்கே சரியாக் கேக்கல. ரெண்டு நாளோ மூணு நாளோ, அவ்வளவுதானுங்க."

"மாத்திரு," என்றார் அவினாசியப்பன்.

"எதைங்க?"

"ஏப்பா, புதுசா மெக்கானிக் வேலை பாக்கறவனாட்டப் பேசறே. பின்னாடி ஒண்ணு நிக்குதில்ல. அதுல கழட்டி இதுல மாட்டு."

"அது உசுரோட இருக்குதுங்க."

"அதனாலதான் அதுல கழட்டச் சொல்றேன். செத்துப் போயிருந்தா எதுக்கு ஆகும்? பத்து வருசமா இதையேதான பண்ணிட்டு இருக்கறே, இன்னைக்கென்ன புதுசா?"

செங்கோட்டுவேல் ஸ்பேனரைப் பெட்டிக்குள் போட்டு மூடினான்.

சேதி ஊருக்குள் போயிற்று. கிரஷர் நின்றால் லாரி நிற்கும், லாரி நின்றால் டீக்கடை நிற்கும், என் டயர்க் கடையும் நிற்கும், ஆகையால் குட்டியைக் கழற்றவேண்டாம் என்று சொல்ல ஒரு வாய் இல்லை. அதோடு விட்டார்களா என்றால் இல்லை. நெஞ்சாங்குலை முதலாளிக்குப் போனால் மிச்சம் என்னாகும் என்று யாரோ ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்தில் பண்டிகைக்கு நாலு வீடு சேர்ந்து ஆடு வாங்கி அறுத்தால் வாழையிலையில் கூறு போட்டுச் சமமாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். அந்த வழக்கப்படி கூறு போட்டுவிடலாம் என்றார்கள். புண்ணாக்கு தின்று வளர்ந்தது, எச்சில் தின்றதில்லை, கறி நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். கைச் சதை யாருக்கு, செயின் பக்கத்துக் கொழுப்பு யாருக்கு என்று முந்திக்கொண்டு சொல்லிவைத்தார்கள். ஸ்கூல் வாத்தியார் தனக்கு ஈரல் வேண்டும், ரத்தசோகை இருக்கிறது என்றார். கறி தின்னாத எண்ணெய்க் கடைக்காரர்கூட வந்து, எலும்பு மட்டும் கொடுங்கள், தென்னைக்கு வைத்தால் நன்றாகக் காய்க்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். வருகிறவர்களைப் பார்க்காமல் இருக்கக் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் தூக்குப்போசி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டார்கள். குண்டா, சட்டி, பிளாஸ்டிக் வாளி, கைக்குக் கிடைத்ததெல்லாம் வந்தது. பெண்கள் மஞ்சள்தூள் கொண்டுவந்திருந்தார்கள், வாங்கியதும் தடவிவிட வேண்டுமாம். பெரிய வண்டி முன்புறம் சாய்ந்து கிடந்தது, குட்டி பின்னால் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டு வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. செங்கோட்டுவேல் அதற்குப் பக்கத்தில் போய் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தான். வண்டி சிறிதோ பெரிதோ, உள்ளே இருந்த நெஞ்சாங்குலை எல்லாவற்றுக்கும் ஒரே அளவுதான், இத்தனை மாதம் உள்ளே கைவிட்டுத் தைத்த அவனைத் தவிர அது யாருக்கும் தெரியாது. அவன் எழுந்து வந்து துண்டில் கையைத் துடைத்தான்.

"சேராதுங்க," என்றான்.

"என்ன சேராது?"

"அளவு சேராதுங்க. இது சின்னது. மாட்டுனா பெரிய வண்டிக்குப் பத்தாது, அரை நாள்ல வெடிச்சுப் போயிரும்."

மெக்கானிக் சேராது என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. முதலாளி ஆனாலும் சரி, மந்திரி ஆனாலும் சரி, வேறு சாமான் தேடிக்கொண்டு போகவேண்டியதுதான். அவினாசியப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, தலையெழுத்து என்று நகர்ந்தார். செங்கோட்டுவேல் மூச்சுவிட்டான். அவ்வளவுதான், கூட்டம் கலைந்துவிடும், குட்டி பிழைத்துக்கொண்டது என்று அந்த மடையன் நினைத்தான்.

கூட்டம் நகரவில்லை. போசியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு நின்றார்கள். பிறகு வாத்தியார்தான் கேட்டார், நன்றாகப் படித்தவர், பொறுமையாகக் கேட்டார்.

"ஏப்பா வேலு, சாமானுக்கு ஆகும்னுதான அதை இத்தனை நாளா நிறுத்தி வெச்சிருந்தே? ஆகாதுன்னு நீயே சொல்லிட்டே. அப்பறம் அதை வெச்சு என்ன பண்றது?"

"என்ன பண்றதுங்களா?"

"எதுக்கும் ஆகாததுக்கு எதுக்கு வீணாத் தீனி? வந்தது வந்துட்டோம். அறுத்துக் கூறு போட்டரலாம்."

ஆமாம், ஆமாம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சொன்னார்கள், சண்டைக்கு நிற்கிற குரலில் இல்லை, நியாயம் பேசுகிற குரலில் சொன்னார்கள். ஒரு அம்மாள் மஞ்சள்தூள் பொட்டலத்தைப் பிரித்தேவிட்டாள். செங்கோட்டுவேல் கூட்டத்தைப் பார்த்தான். கழற்றுவதற்கு என்று நின்றவரை அதற்கு உயிர் இருந்தது, ஆகாது என்று தான் சொன்ன சொல்லால் அது வெறும் கறியாகிவிட்டது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கிடைக்கிறதை வாங்காமல் இந்தச் சட்டிகள் வீட்டுக்குப் போகாது என்பதும் உறைத்தது.

"இதுல என்னங்க கறி இருக்கும்?" என்றான். "பாதி ஏற்கெனவே போயிருச்சு. ஒரு கையி, ஒரு செயினு. அதுலயும் ஒரு பக்கம் சீழு. ஆளுக்கு ஒரு எலும்புகூட வராதுங்க. ஊருக்கே கூறு வேணும்னா..."

அதற்கு மேல் சொல்லவில்லை. கையை நீட்டவும் இல்லை. முகத்தை மட்டும் பெரிய வண்டியின் பக்கம் திருப்பினான்.

கூட்டமும் திரும்பிற்று. அத்தனை நேரமும் எதிரிலேயே கிடந்த அதை அப்போதுதான் பார்க்கிறவர்களைப்போலப் பார்த்தார்கள். அதன் கை ஒன்றே எத்தனை கூறு வரும் என்று கண்ணாலேயே வெட்டிப் பார்த்தார்கள். அவினாசியப்பன் குறுக்கே விழுந்து தடுப்பார் என்று நான் நினைத்தேன், அந்த வண்டிதான் அவருக்கு வீடு கட்டிக் கொடுத்தது, பெண்ணைக் கட்டிக் கொடுத்தது, எலெக்ஷனில் நிற்க வைத்தது. அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"இரும்பு எனக்கு," என்றார். "கறி ஊருக்கு. மொதல் கூறு என்ற ஊட்டுக்கு வந்தரணும். நல்ல எடமாப் பாத்து."

யார் அறுப்பது என்று கேள்வியே வரவில்லை. எந்த மூட்டில் எந்த நட்டு, எந்த நட்டுக்குப் பின்னால் எந்த நரம்பு என்று தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். அவன் என்னால் முடியாது என்று சொல்ல வாயெடுத்தான், அதற்குள் நாலைந்து பேர் பின்பக்கம் நகர்ந்து குட்டியின் அருகில் போய் நின்றார்கள், ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்றார்கள். அவன் வாயை மூடிக்கொண்டான். கறிக்கடைக் கத்தியை யாரோ கையில் கொடுத்தார்கள். ஒரு கையில் ஸ்பேனரும் ஒரு கையில் கத்தியுமாக அவன் பெரிய வண்டியிடம் போனான்.

கிரீஸ் அடிப்பதற்கு மெக்கானிக் பக்கத்தில் வந்தால், அடிக்கவேண்டிய இடம் தெரியும்படி ஆபரேட்டர் வண்டியின் கையைப் பாதி உயரம் தூக்கிப் பிடிப்பது வழக்கம். அன்றைக்குக் கேபினில் ஆபரேட்டர் இல்லை. உள்ளே நெஞ்சு அடிக்கிற சத்தம்கூட இல்லை. ஆனாலும் செங்கோட்டுவேலின் செருப்புச் சத்தம் கேட்டதும் அந்தப் பெரிய வண்டி நடுங்கிக்கொண்டே, கிறீச்சென்று, தன் கையைத் தானாகத் தூக்கிற்று. கிரீஸ் அடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டது. அவனுக்கு எட்டுகிற உயரத்துக்குத் தூக்கி, அவன் முடிக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது.

என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை, கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். திரும்பி வந்தபோது வாழையிலைகளில் கூறு போட்டிருந்தார்கள். ஒரு கூறுக்கும் இன்னொரு கூறுக்கும் ஒரு துண்டுகூட ஏற்றத்தாழ்வு இல்லாமல் பிரித்திருந்தார்கள், அந்த நேர்மையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு எரிகிறது. வாத்தியாருக்கு ஈரல் கிடைத்தது. மத்தியானம் ஊர் முழுக்க மிளகு வறுக்கிற வாசனை வந்தது, அன்றைக்குப் புழுவையும் ஈயையும் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை.

சாயங்காலம் செங்கோட்டுவேல் கையை மண்ணெண்ணெயில் கழுவினான், சோப்புத்தூளும் மரத்தூளும் போட்டுத் தேய்த்தான், அரப்புப் போட்டு இன்னொருமுறை தேய்த்தான். புண்ணாக்கை உருட்டி எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். குட்டி வழக்கம்போல வட்டம் போட்டுக்கொண்டு நெருங்கி வந்தது. மூடியைத் தள்ளித் திறந்தது. உதடு அவன் உள்ளங்கைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. தைக்கிற கையின் ரத்த வாசனை வேறு, அறுத்த கையின் ரத்த வாசனை வேறு, நமக்கு வித்தியாசம் தெரியாது, அதற்குத் தெரிந்தது. மூடி பட்டென்று சாத்திக்கொண்டது. இருக்கிற ஒரு செயினைப் பின்பக்கமாக ஓட்டி, வட்டத்தைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு பின்வாங்கிப் பின்வாங்கி, சுவர் முட்டியதும் அதற்கு மேல் போக இடமில்லாமல் அங்கேயே நின்று நடுங்கிற்று.

சம்பூர்ணம் அப்போது வந்தாள், துணிப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள். சொன்னபடி கிளம்பிவிட்டாள், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தாள். புருஷன் கையில் உருண்டையோடு நிற்பதையும் அது சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்குவதையும் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, அவன் கையிலிருந்ததைத் தொடாமல், சட்டியிலிருந்து புதிதாக ஒரு உருண்டை உருட்டினாள்.

"நீங்க தள்ளிப் போங்க."

அவன் ரெண்டடி தள்ளினான்.

"இன்னும் தள்ளுங்க. காத்து உங்க பக்கமிருந்துதான் வருது."

அவன் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றான். குட்டி அவள் கையை வெகுநேரம் மோந்து பார்த்துவிட்டுத் தின்றது.

அவள் அன்றைக்குப் போகவில்லை, அப்புறமும் போகவில்லை, ஆனால் அவனுக்காக இருக்கிறாள் என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. இப்போது வண்டிகள் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன, சாய்வதற்கு முன்னாலேயே கூறு சொல்லிவைக்கிறார்கள், ஆள் வந்து கூப்பிடுகிறது, செங்கோட்டுவேல் கத்தியை எடுத்துக்கொண்டு போகிறான். மாட்டேன் என்று சொன்னால் அவர்கள் சும்மா போய்ப் பின்பக்கம் நிற்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். சாயங்காலமானால் பட்டறைக்குப் பின்னால் வந்து, எச்சிலைத் தொட்டு ஒரு விரலைத் தூக்கிப் பிடித்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு, தன் மனைவி அதற்குத் தீனி வைப்பதைப் பார்க்கிறான்.